போனா, பழைய டிஎஸ்எல்ஆரா, ஃபிலிமா: நம்ம ஊர் மலையையும் ஆற்றையும் எடுக்க எது சரி?

"அக்கா, ஏரியும் மலையும் எடுக்கணும். போனே போதுமா, கேமரா வாங்கணுமா?"

போன ஆறு மாதத்தில் மூன்று பேர் இதையே கேட்டுவிட்டார்கள். ஒருவருக்குக் குடியாத்தம் பக்கம். மோர்தானா அணையைச் சுற்றியுள்ள மலைகளை எடுக்க ஆசை. இன்னொருவர் ராணிப்பேட்டையில் வேலை செய்கிறார். காவேரிப்பாக்கம் ஏரி நிரம்புவதையும் வற்றுவதையும் ஒரு வருஷம் விடாமல் எடுக்க நினைக்கிறார். மூன்றாமவர் கல்லூரி மாணவி. பரண்மேல் தாத்தாவின் ஃபிலிம் கேமரா கிடைத்திருக்கிறது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலமதி மலைக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

மூவரும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது, "அப்போ இது இப்படித்தான் இருந்துச்சு" என்று நாளைக்குக் காட்டவும் வேண்டும். கூடவே, அங்கே போய்ச் சும்மா நிற்கிற அந்த அரை மணி நேரமும் வேண்டும். பதிவும் வேண்டும், மனசு அடங்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் தேர்வு சிக்கலாகிறது. ஒன்றுக்கு உதவுகிற கருவி இன்னொன்றுக்குக் குறுக்கே நிற்கும்.

நான் வேலூரை ஒட்டிய காட்பாடியில் இருக்கிறேன். பாலாற்றுப் பாலத்தருகே ஒரே இடத்தில் நின்று எட்டு வருஷமாக எடுத்துவருகிறேன். மூன்று கருவியையும் அந்த மணலில் வைத்துப் பார்த்தாயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நம் வேலூரைப் பற்றிய பழைய பேச்சு உங்களுக்கும் தெரிந்திருக்கும்: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சின்ன வயதில் இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். கோயிலுக்குச் சாமி 1981-லேயே வந்துவிட்டார். சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம் அந்த வருஷம்தான் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பியது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மலையில் மரம் இருக்கிறதா இல்லையா என்பதற்குச் சித்திரையில் ஒரு பதில், கார்த்திகையில் ஒரு பதில். ஒரு ஊரைப் பற்றி எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிற வாசகத்தை, தேதி போட்ட ஒரு படம் சரிபார்த்துவிடும். நான் இந்த வேலையை விடாமல் செய்வது இதற்காகத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

மெகாபிக்சல், லென்ஸ் கூர்மை, எந்த பிராண்ட் என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிடுங்கள். நான் பார்ப்பது நான்கு.

முதலாவது, பத்து வருஷம் கழித்து அந்தப் படத்தை இன்னொருவர் கையில் கொடுத்தால் அவருக்கு அது ஏதாவது சொல்லுமா? எந்த இடம், என்றைக்கு, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பது தெரிய வேண்டும். படத்தில் இருக்கும் பச்சை அங்கே இருந்த பச்சைதானா, கருவி சேர்த்த பச்சையா என்பதும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, கருவி உங்களை அங்கே நிற்க வைக்கிறதா, கிளப்பிவிடுகிறதா?

மூன்றாவது செலவு. வாங்கும் விலையைச் சொல்லவில்லை. ஒரு வருஷம் முழுக்க ஆகும் செலவு, அதிலும் கடைக்காரர் சொல்லாத செலவு.

நான்காவதை ஆண்கள் எழுதும் ஒப்பீடுகளில் நான் பார்த்ததே இல்லை. அதிகாலையில் ஏரிக்கரையில் தனியாக அதோடு நிற்க முடியுமா? தூக்க முடியுமா, பயமில்லாமல் வைத்திருக்க முடியுமா, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? போகத் தயங்கினால் படமே இல்லை. அதனால் இதை நான் கடைசியில் வைக்க மாட்டேன்.

## கையில் இருக்கும் போன்

போனுக்கு இருக்கும் பெரிய பலம், அது எப்போதும் கூடவே இருப்பது. வெள்ளம் சொல்லிவிட்டு வருவதில்லை. 2021 நவம்பரில் தண்ணீர் வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு அண்ணன் வந்து சொன்னபோது வீட்டுச் செருப்போடு ஓடினேன். கையில் இருந்தது போன்தான். என்னிடம் இருக்கும் வெள்ளப் படங்கள் எல்லாமே அதில் எடுத்தவை.

பதிவுக்கு வேண்டிய மூன்று விவரத்தை போன் கேட்காமலே எழுதிவைத்துவிடும்: தேதி, நேரம், இடம். கேமரா செயலியில் லொகேஷனை மட்டும் ஆன் செய்திருக்க வேண்டும். பல நல்ல கேமராக்களில்கூட இந்த இட விவரம் தானாகப் பதியாது.

இன்னொரு நன்மையை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். பாலத்தருகே கிழக்கு பார்த்து நின்றால், ஜூன் கடைசியில் சூரியன் இடது பக்கம் தள்ளி எழும். டிசம்பர் கடைசியில் வலது பக்கம் தள்ளி எழும். நம் ஊர் இருக்கும் அட்சரேகையில் இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 48 டிகிரி. போனின் முக்கிய லென்ஸ், போனைப் படுக்கை வாட்டில் பிடித்தால், கிட்டத்தட்ட 70 டிகிரி அகலம் பார்க்கும். அதாவது ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் வைத்து எடுத்தால் சூரியனின் ஒரு வருஷத்து நடை முழுவதும் அந்த ஒரு படச் சட்டத்துக்குள் அடங்கிவிடும். பழைய ஃபிலிம் கேமராவோடு வரும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 40 டிகிரிதான் பார்க்கும். ஜூனையும் டிசம்பரையும் ஒரே சட்டத்தில் அதற்குள் வைக்க முடியாது.

அதே அகலம்தான் அதன் குறையும். கோட்டைக்குக் கிழக்கே மலையுச்சியில் இருக்கிற பழைய கோட்டைச் சுவர்களை போனில் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு ஆளை மிரட்டுகிற மலை, படத்தில் கரையான் புற்று மாதிரி ஆகிவிடும்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருகிறேன்.

போன் படம் எடுப்பதில்லை, பல படங்களை எடுத்து ஒன்றாகச் சமைக்கிறது. நிழலைத் தூக்கிவிடும், வானத்துக்கு நீலம் ஏற்றும், புல் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் பச்சை சேர்க்கும். பங்குனி வெயிலில் காய்ந்துபோன மலைச்சரிவை எடுத்து வீட்டில் வந்து பார்த்தால், மழை பெய்து ஒரு வாரம் ஆன மாதிரி இருக்கிறது. பதிவுக்கு இது கெடுதல். செட்டிங்ஸில் ஏஐ, காட்சி மேம்பாடு, ஃபில்டர் என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ப்ரோ மோடு இருந்தால் அதில் வெள்ளைச் சமநிலையை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் திருத்தும் கணக்கு) பகல் வெளிச்சத்தில் நிறுத்திவிடுங்கள். முழுவதும் சரியாகாது, பாதி சரியாகும்.

வானத்துக்கு மேக்கப் போடுவது இந்தக் காலத்துப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1857, 58-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக லின்னேயஸ் ட்ரைப் ராயக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றி எடுத்தார். அரசுக்காகச் செய்த ஆவண வேலைதான் அது. அவரும் தன் காகித நெகட்டிவ்களில் வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்து சேர்த்திருக்கிறார். ஆனால் எந்த நெகட்டிவில் தூரிகை பட்டிருக்கிறது என்று இன்றைக்கும் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடிகிறது. போன் செய்த சமையலுக்கு அந்த மாதிரித் தடயம் மிஞ்சுவதில்லை.

அடுத்தது, என்னுடைய சொந்த நஷ்டம். வெள்ளத்தன்று எடுத்த முப்பது நாற்பது படங்களில் நல்லதாகப் பத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். சில மாதம் கழித்து போன் கீழே விழுந்து போய்விட்டது. மூலப் படங்களை வேறெங்கும் எடுத்துவைக்கவில்லை. அத்தை போனிலிருந்து அந்தப் பத்தைத் திருப்பி வாங்கினேன். படம் வந்தது. தேதி, நேரம், இடம் எதுவும் வரவில்லை, அளவும் சுருங்கியிருந்தது. நவம்பர் 19-ஆ, 20-ஆ என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. தண்ணீர் பாலத்தின் தூணில் எந்த அளவுக்கு ஏறியிருந்தது என்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது, என்றைக்கு என்பதுதான் தெரியவில்லை. ஆகவே அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், மூலத்தை இரண்டு இடத்தில் வையுங்கள்.

நிற்கிற விஷயத்தில் போன் மோசம். எடுத்த உடனே பெருவிரல் தானாகத் திரையைத் தள்ளிப் பார்க்கப் போகும். அதற்குள் ஒரு செய்தி வரும். அதோடு ஆறு போய்விட்டது. ஏர்பிளேன் மோடு ஒரு வழி. நான் வைத்திருக்கும் வழி வேறு: போய்ச் சேர்ந்து பத்து நிமிஷம் போனை எடுக்கவே மாட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எடுப்பேன்.

தனியாகப் போவதற்கு இதைப் போல எதுவும் இல்லை. கையில் போனோடு நிற்கும் பெண்ணை யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்ப்பதில்லை.

எப்போது போன்தான் சரி: இடம் இன்னும் முடிவாகவில்லை என்றால், வேலைக்குப் போகிற வழியில்தான் ஏரி இருக்கிறது என்றால், வாரம் ஒருமுறையாவது தவறாமல் போக முடியும் என்றால்.

## செகண்ட்ஹேண்ட் டிஎஸ்எல்ஆரும் ட்ரைபாடும்

டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. அந்தக் கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் பற்றி இங்கே பேசவில்லை. நன்றாக இருக்கும், விலை வேறு உலகத்தில் இருக்கிறது. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய டிஎஸ்எல்ஆர்கள் இறங்கிய விலையில் கிடைக்கின்றன. கேமராவோடே வரும் சாதாரண 18-55 கிட் லென்ஸோடு என்னுடையதை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். ட்ரைபாட் 2,500.

இதில் எனக்கு முக்கியம் கேமராகூட இல்லை, அந்த மூன்று கால். ட்ரைபாடை மணலில் ஊன்றி, கால்களை ஒவ்வொன்றாக அழுத்தி இறக்கி, மட்டம் பார்த்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆகிறது. அந்த ஐந்து நிமிஷத்தில் காது திறந்துகொள்கிறது. தூரத்தில் காட்பாடி ஜங்ஷனில் ரயில் கிளம்பும் சத்தம், நாணலுக்குள் எதுவோ ஓடுவது, பாலத்து மேலே லாரி போகும்போது மணலுக்குள் வரும் அதிர்வு. ஊன்றிய பிறகு சட்டென்று கிளம்பவும் தோன்றாது. இவ்வளவு பாடுபட்டு வைத்ததை எடுத்து மடக்க மனசு வராது, வெளிச்சம் மாறும்வரை இருப்போம் என்று இருந்துவிடுவோம்.

பதிவுக்கு இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். காரணம் ஒன்றே: எல்லாவற்றையும் நாமே நிறுத்திவைக்கலாம். லென்ஸ் 18-ல், வெளிச்சம் நுழையும் துவாரம் எஃப் 8-ல், ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 100-ல், வெள்ளைச் சமநிலை பகல் வெளிச்சத்தில். எட்டு வருஷமும் இதே. அப்படிச் செய்தால் ஏப்ரல் படத்துக்கும் நவம்பர் படத்துக்கும் தெரியும் வித்தியாசம் முழுக்க ஆற்றின் வித்தியாசம். கேமராவின் குணம் அதில் நுழையாது. ரா (raw) கோப்பாக, அதாவது கேமரா சமைக்காத மூலமாக எடுத்தால் பிற்பாடு யாராவது சந்தேகப்பட்டாலும் மூலத்தைத் திறந்து காட்டலாம். 18 மில்லிமீட்டரில் சுமார் 66 டிகிரி கிடைப்பதால் நான் மேலே சொன்ன சூரிய நடையும் உள்ளே அடங்கும்.

அதே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்பதற்கு ஒரு உபாயம் உண்டு. மண்ணில் குறி வைத்தால் மழையில் போய்விடும். பக்கத்தில் இருக்கும் ஒரு பொருளையும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளையும் ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். எனக்குப் பாலத்தின் நான்காவது தூணின் வலது விளிம்பு, தூரத்து மலையில் துருத்திக்கொண்டிருக்கும் பாறையைத் தொட வேண்டும். இரண்டும் தொட்டால் நான் நிற்பது அதே கோடு. வேறொரு பக்கத்தில் இதேபோல இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் ட்ரைபாட். அமெரிக்காவில் 1977 முதல் 1979 வரை மார்க் கிளெட்டும் அவர் கூட்டாளிகளும் நூறு வருஷத்துக்கு முன்னால் நில அளவைக் குழுக்கள் எடுத்த படங்களின் இடங்களைத் தேடிப் போய், நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அதே கோணத்தில் மறுபடி எடுத்தார்கள். பாறைகளின் பக்க-தூர ஒழுங்கை வைத்துத்தான் பழையவர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் இடத்தில் நாளைக்கு உங்கள் பேத்தி வந்து நிற்க வேண்டுமென்றால் இந்த இரண்டு கோட்டையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள். வாங்குமுன் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிகிறதா பாருங்கள், அது பூஞ்சை. ஐப்பசி மழையில் பெட்டிக்குள் மூடிவைத்தால் நம் வீட்டிலும் வரும், சிலிக்கா ஜெல் போட்டுவையுங்கள். ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்ப நிலை மாடல்கள் பொதுவாக ஒரு லட்சம் தாங்கும் கணக்கில் செய்யப்பட்டவை. அப்புறம் ஹார்ட் டிஸ்க். வாரம் பத்துப் படம் என்றால் வருஷத்துக்கு 15 ஜிபிதான் ஆகும், கவலையில்லை. போனில் சுடுகிற பழக்கத்தில் வாரம் இருநூறு எடுத்தால் 300 ஜிபி ஆகிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பத்தாயிரத்தை நீங்கள் உட்கார்ந்து பார்க்கவே போவதில்லை.

பணத்தில் வராத செலவு ஒன்று இருக்கிறது. ஏரியில் ட்ரைபாட் ஊன்றினால் ஜனங்கள் படமெடுப்பதாக நினைப்பதில்லை. அளக்க வந்திருப்பதாக நினைக்கிறார்கள். சென்னை-பெங்களூர் எக்ஸ்பிரஸ் சாலைக்கு நிலம் எடுத்த ஊர்களில் மூன்று கால் கம்பியைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கு பேர் வரப்பில் வேகமாக வந்து, "இன்னாம்மா, எத்தினி அடி எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். கேமராவில் எடுத்ததை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஏரி மட்டும்தான் என்று தெரிந்த பிறகும் அவர்கள் முகம் முழுதாகத் தெளியவில்லை. அன்றிலிருந்து கருவியை இறக்குமுன் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் ஊன்றுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நம் படத்துக்காக ஒருவர் ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம்.

கோட்டை, மகேந்திரவாடிக் குடைவரை போல தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் ட்ரைபாடுக்கு முன்அனுமதி கேட்பார்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். கோட்டையில் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மலைகள் கிழக்கே இருப்பதால் காலையில் அவை வெறும் கறுப்பு வடிவம்தான். பாறை பாறையாகத் தெரிய வேண்டுமென்றால் சாயங்காலம் போக வேண்டும், வெயில் அப்போதுதான் அவற்றின் முகத்தில் விழும்.

எப்போது டிஎஸ்எல்ஆர் சரி: இடம் முடிவாகிவிட்டது, மாதம் ஒருமுறையாவது ஒரு வருஷம் போகத் தயார், கூட வர யாராவது இருக்கிறார்கள், அல்லது அந்த இடத்து ஜனங்களுக்கு உங்களைத் தெரியும்.

## தாத்தாவின் ஃபிலிம் கேமரா

ஃபிலிம் செலவு பிடித்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கலர் ரோல், டெவலப், ஸ்கேன், சென்னைக்குக் கூரியர் எல்லாம் சேர்த்தால் 1,500 ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு ரோலில் 36 படம். கல்யாண வீட்டில் எடுப்பது போல எடுத்தால் கட்டுப்படியாகாது. வாரம் ஒரே ஒரு படம் என்று வைத்தால் வருஷத்துக்கு 52 படம், ஒன்றரை ரோல். இரண்டு ரோல் என்றே வைத்தாலும், டிஎஸ்எல்ஆருக்குப் போட்ட பணத்தில் ஆறேழு வருஷம் இப்படி ஓட்டலாம்.

அந்த வாரத்துக்கு ஒன்றுதான் என்பது ஆளை மாற்றிவிடுகிறது. ஆற்றுக்குப் போய் முக்கால் மணி நேரம் நின்று, எடுக்காமலே திரும்பிய நாட்கள் உண்டு. வெளிச்சம் சரியில்லை என்றுகூடச் சொல்ல முடியாது, இன்றைக்கு இது இல்லை என்று தோன்றும். வீட்டுக்கு வந்தால் அன்றைய ஆறு மற்ற நாட்களைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். நிற்க வைப்பதில் ஃபிலிமுக்கு ஈடு கிடையாது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பதிவாகவும் அது குறைந்தது அல்ல. நன்றாகக் கழுவிக் காயவைத்த கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் பல தலைமுறை இருக்கும். அதைப் பார்க்க பாஸ்வேர்டு வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும்.

ஆனால் நெகட்டிவில் தேதி எழுதியிருக்காது. நோட்டுப் புத்தகம் கட்டாயம். படம் எண், தேதி, நேரம், நின்ற இடம், பார்த்த திசை. நோட்டு தொலைந்தால் பதிவில் பாதி தொலைந்தது.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது, தவறு தெரிய ஆகும் காலம். என்னுடைய இரண்டாவது ரோலில் ஃபிலிமின் நுனி சுருளில் சரியாக மாட்டவில்லை. எண்ணிக்கை முள் நகர்ந்துகொண்டே இருந்தது, நானும் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். டெவலப் செய்து வந்தது வெறும் ரோல். அந்தக் கோடையில் ஆற்று நடுவே கொளுத்தப்பட்ட நாணல் காடு, அதற்கப்புறம் வந்த முதல் தளிர், எதுவுமே என்னிடம் இல்லை. அதிலிருந்து, ஃபிலிமைச் சுற்றும்போது இடது பக்கத்து ரீவைண்ட் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். சுழலவில்லை என்றால் ஃபிலிம் ஓடவில்லை.

பழைய கேமராவின் பின்கதவு ஓரத்தில் இருக்கும் கறுப்பு நுரைப்பட்டை இத்தனை வருஷத்தில் பிசினாகியிருக்கும். வெளிச்சம் கசியும், மாற்ற வேண்டும். அறுபது எழுபதுகளின் கேமரா என்றால் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு அந்தக் காலத்துப் பாதரச பேட்டரி தேவைப்பட்டிருக்கலாம். அது இப்போது வருவதில்லை. வேறு பேட்டரி போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். போனில் ஒரு மீட்டர் செயலி போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலும் ஒரு செலவு. அக்னி நட்சத்திரத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் ஃபிலிமை வைத்தால் நிறம் கெட்டுவிடும். வீட்டில் டெவலப் செய்ய நினைத்தால், கறுப்பு-வெள்ளைக்கு வழக்கமான கணக்கு 20 டிகிரி தண்ணீர். மே மாதத்தில் நம் குழாயில் வருவது முப்பதுக்கு மேல்; ஐஸ் போட்டுக் குளிர்விக்க வேண்டும். நான் எடுத்ததைச் சேர்த்துவைத்து மார்கழியில் கழுவுகிறேன். ட்ரைப்கூட ஈரக் கண்ணாடித் தகட்டை விட்டு பெரும்பாலும் மெழுகு தோய்த்த காகிதத்தைத்தான் நம் பக்கம் கொண்டுவந்தார். முன்கூட்டித் தயார் செய்து எடுத்துப் போகலாம், எடுத்த இடத்திலேயே உடனே கழுவ வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வெயிலில் படமெடுக்க வருபவர் எந்தக் காலத்தில் வந்தாலும் வெயிலோடு பேசித்தான் ஆக வேண்டும்.

எப்போது ஃபிலிம் சரி: ஏற்கெனவே ஒரு இடத்தைப் போனிலோ டிஎஸ்எல்ஆரிலோ ஒரு வருஷம் எடுத்தவர் என்றால். அதற்கு முன்னால் வேண்டாம். வெள்ளத்தை ஃபிலிமை நம்பி எடுக்கவே வேண்டாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | போன் | பழைய டிஎஸ்எல்ஆர் + ட்ரைபாட் | ஃபிலிம் |
|---|---|---|---|
| தேதி, இடம் | தானாகப் பதியும். அனுப்பினால் அழியும் | தேதி பதியும். இடம் நாம் எழுத வேண்டும் | எல்லாம் நோட்டில்தான் |
| நிறத்தை நம்பலாமா | பாதி | ரா கோப்பில் நம்பலாம் | கறுப்பு-வெள்ளையில் அந்தக் கேள்வியே இல்லை |
| நிற்க வைக்குமா | நாம் நம்மைக் கட்டினால் | ட்ரைபாட் கட்டிவைக்கும் | மிக நன்றாக |
| முதல் வருஷச் செலவு | கூடுதலாக எதுவும் இல்லை | 20,000-க்கு மேல், ஹார்ட் டிஸ்க் தனி | கேமரா இருந்தால் 3,000 அளவில், பழுது தனி |
| தனியாகப் போக | சுலபம் | ஆள் தெரிந்த இடத்தில் | சுலபம் |
| எதிர்பாராத நாள் | இதுதான் | ட்ரைபாட் இல்லாமல் என்றால் சரி | கூடாது |

ட்ரோன் பற்றியும் கேட்டார்கள். மேலிருந்து பார்த்தால் ஏரியின் வடிவம் அருமையாகத் தெரியும், ஆக்கிரமிப்பும் தெரியும். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் மேல் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது, பறக்கத் தடையுள்ள பகுதியா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் சேர்க்காததற்குக் காரணம் வேறு: பறக்கும்போது கண் திரையில்தான் இருக்கும், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதில்தான் மனசு இருக்கும். நிற்பதே நடக்காது.

## கேட்ட மூவருக்கும்

காவேரிப்பாக்கம் ஏரிக்கு, டிஎஸ்எல்ஆர் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். கரை நீளம், தண்ணீர் ஏறி இறங்குவது மெதுவாக நடப்பது, அதற்கு அசையாத கோணமும் மாறாத கணக்கும் வேண்டும். மதகை ஒரு ஓரத்தில் வைத்து எடுங்கள். நீர்மட்டத்துக்கு அதுவே அளவுகோல். முதல் மூன்று மாதம் போனில் எடுத்து இடத்தை முடிவு செய்துவிட்டு வாங்கினால் போதும்.

மோர்தானாவுக்கு போன். வேலை முடித்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது என்கிறீர்கள். இருக்கிற நேரத்தைக் கேமரா தேடுவதில் செலவழிக்க வேண்டாம்.

பரண் கேமராவுக்குச் சொந்தக்காரியான தங்கைக்கு மட்டும் என் விதியைத் தளர்த்துகிறேன். தாத்தா தொட்ட கருவி என்பதால் உங்களுக்கு அதில் நிற்கும் பொறுமை வரும். ஆனால் ஒவ்வொரு ஃபிலிம் படத்தோடும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தேதியும் இடமும் போனில் இருக்கட்டும், ரோல் வெறுமையாக வந்தாலும் அந்த நாள் போகாது. நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இந்த மூன்றில் எதை எடுத்தாலும், வருஷத்துக்குப் பன்னிரண்டு படத்தைக் காகிதத்தில் போட்டுவிடுங்கள். ஸ்டூடியோவில் கொடுத்தால் ஒரு டீ வடைச் செலவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை அடுத்த படத்தில் ஒட்டும்.

அந்தப் பன்னிரண்டை ஒருநாள் ஆற்றுக்கே எடுத்துப் போயிருந்தேன். அங்கே ஆடு மேய்க்கிற ஆயா ஒருவர் என்னை வருஷக்கணக்காகப் பார்க்கிறவர். "இன்னாம்மா, ஒண்ணும் இல்லாத ஆத்த வந்து வந்து புடிச்சிகினு போற?" என்று எப்போதும் கேட்பார். படங்களைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர் மார்ச் மாதத்துப் படத்தில் நின்றார். மணலில் பாதி புதைந்த ஒரு பாறை மேல் விரலை வைத்தார்.

"தோ, இந்தக் கல்லாண்டதான் ஊத்து தோண்டுவோம். ஒரு முழம் தோண்டுனா தண்ணி வந்துடும். நான் கல்யாணம் ஆயி வந்த புதுசுல."

எந்த வருஷம் என்று கேட்டேன். அவருக்கு வருஷம் தெரியவில்லை. பெரிய மகன் அப்போது பிறக்கவில்லை என்றார். மகனுக்கு எத்தனை வயது என்று கேட்டு, படத்தைத் திருப்பி, பென்சிலால் அதையும் எழுதிக்கொண்டேன்.